சென்னையிலிருந்து லண்டன் வரை: தொலைதூர விமானப் பயணத்தின் தூரத்தையும் நேரத்தையும் நாமே கணக்கிடும் முறை

இரண்டு ஊர்களின் பெயரை இணையத்தில் இட்டால் தூரம் இத்தனை கிலோமீட்டர், பயண நேரம் இத்தனை மணி என்று ஒரு விடை உடனே வந்துவிடுகிறது. ஆனால் அந்தத் தூரத்தை விமானம் அப்படியே பறப்பதில்லை. அந்த நேரமும் பயணச்சீட்டில் அச்சாகியிருக்கும் நேரத்தோடு பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. பூமியின் வடிவத்திலிருந்து கிடைக்கும் தூரம் மாறாதது. விமானம் உண்மையில் பறக்கும் பாதை அரசுகளின் முடிவுகளைப் பொறுத்தது. நேரமோ அன்றைய காற்றையும் பொறுத்தது. இம்மூன்றையும் இதே வரிசையில், ஒன்றோடொன்று கலக்காமல் கணக்கிட்டால் எந்த இரு நிலையங்களுக்கும் நம்பத்தக்க விடை கிடைக்கும். இங்கே சென்னை மீனம்பாக்கத்தையும் லண்டன் ஹீத்ரோவையும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு படியையும் எண்களோடு செய்து காட்டுகிறேன். ஒரு சாதாரண அறிவியல் கால்குலேட்டர் போதும்.

முதல் படி: இரு நிலையங்களின் ஆயத்தொலைவுகள்

நகரத்தின் ஆயத்தொலைவுகளை எடுக்காமல் விமான நிலையத்தின் ஆயத்தொலைவுகளையே எடுக்க வேண்டும். பெரிய நகரங்களில் இரண்டுக்கும் இடையே முப்பது, நாற்பது கிலோமீட்டர் வேறுபாடு இருப்பது இயல்பு. ஒரே நகரத்தில் பல நிலையங்கள் இருந்தால் எந்த நிலையம் என்பதையும் முதலிலேயே உறுதி செய்துகொள்ள வேண்டும். சென்னை நிலையம் ஏறத்தாழ வடக்கு அட்சரேகை 12.99 பாகையிலும் கிழக்குத் தீர்க்கரேகை 80.18 பாகையிலும் இருக்கிறது. ஹீத்ரோ வடக்கு 51.47 பாகையிலும் மேற்கு 0.46 பாகையிலும் இருக்கிறது. பாகை, கலை, விகலை என்று மூன்று பகுதிகளாகக் கொடுத்திருந்தால், கலையை 60ஆலும் விகலையை 3,600ஆலும் வகுத்துப் பாகையோடு கூட்டித் தசம எண்ணாக்கிக்கொள்ளலாம்.

கிழக்கும் வடக்கும் நேர்மறை எண்கள், மேற்கும் தெற்கும் எதிர்மறை எண்கள் என்பது வழக்கம். எனவே ஹீத்ரோவின் தீர்க்கரேகை −0.46. இந்தக் கழித்தல் குறியை விட்டுவிட்டால் லண்டனுக்குப் பெரிய பிழை வராது. ஆனால் நியூயார்க் கென்னடி நிலையத்தின் −73.78 என்பதில் குறியை விட்டுவிட்டால் நியூயார்க் கிர்கிஸ்தானுக்குள் போய் உட்கார்ந்துவிடும். விடை பாதிக்கும் குறைவாக வந்து நிற்கும்.

இரண்டாம் படி: பெருவட்டத் தூரம்

உருண்டையின் மேல் இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய வழி பெருவட்டத்தின் ஒரு வில். உருண்டையின் மையத்தையே தன் மையமாகக் கொண்ட வட்டம்தான் பெருவட்டம். வீட்டில் பூகோள உருண்டை இருந்தால், சென்னையில் ஒரு நூலின் முனையை அழுத்திப் பிடித்து, மறுமுனையை லண்டனில் வைத்து இறுக்கிப் பாருங்கள். நூல் படியும் இடம்தான் அந்த வில். அது சென்னையிலிருந்து புறப்படும்போது வடக்கிலிருந்து மேற்காக 40 பாகை சாய்ந்து, அதாவது திசைகாட்டியில் ஏறத்தாழ 320 பாகையில் செல்லும். வகுப்பறைச் சுவரில் தொங்கும் மெர்கேட்டர் வரைபடத்தில் அளவுகோல் வைத்து இரு ஊர்களையும் இணைத்தாலோ திசை 300 பாகை என்று வரும். அந்த நேர்கோட்டைப் பின்பற்றினால் ஏறத்தாழ 8,480 கிலோமீட்டர் பறக்க வேண்டியிருக்கும். வரைபடத்தில் வளைந்து தெரியும் கோடுதான் உண்மையில் குறுகியது.

கணக்குக்குக் கோளமுக்கோணவியலின் கொசைன் விதி போதுமானது. அ1, அ2 என்பன இரு நிலையங்களின் அட்சரேகைகள். தீ என்பது தீர்க்கரேகைகளின் வேறுபாடு. ம என்பது பூமியின் மையத்தில் அவ்விரு இடங்களும் ஏற்படுத்தும் கோணம்.

கொசைன் ம = (சைன் அ1 × சைன் அ2) + (கொசைன் அ1 × கொசைன் அ2 × கொசைன் தீ)

நம் எடுத்துக்காட்டில் தீ = 80.18 − (−0.46) = 80.64 பாகை. சைன் 12.99 = 0.22478, சைன் 51.47 = 0.78228. இவற்றின் பெருக்கம் 0.17584. அடுத்து கொசைன் 12.99 = 0.97441, கொசைன் 51.47 = 0.62293, கொசைன் 80.64 = 0.16264. இம்மூன்றின் பெருக்கம் 0.09872. இரண்டையும் கூட்டினால் 0.27456. எந்தக் கோணத்தின் கொசைன் 0.27456 என்று கால்குலேட்டரில் தலைகீழ்க் கொசைனை அழுத்திப் பார்த்தால் 74.064 பாகை என்று வரும்.

பூமியின் சராசரி ஆரம் 6,371 கிலோமீட்டர். ஆகவே மையக் கோணத்தில் ஒரு பாகைக்கு நிலத்தில் 111.195 கிலோமீட்டர். 74.064 × 111.195 = 8,236 கிலோமீட்டர். விமானிகள் கணக்கிடும் கடல் மைலில் இது ஏறத்தாழ 4,447. ஒரு கடல் மைல் என்பது சரியாக 1.852 கிலோமீட்டர். பாகையின் அறுபதில் ஒரு பங்குக்கு நிகரான தூரம் என்ற அடிப்படையில்தான் அந்த அளவு பிறந்தது. அதனால் 74.064ஐ 60ஆல் பெருக்கினாலே 4,444 என்று விடைக்கு மிக அருகில் வந்துவிடலாம். செய்த கணக்கைச் சரிபார்க்க இது நல்ல வழி.

எக்செல் போன்ற விரிதாளில் இதைச் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்குள்ள சைன், கொசைன் சார்புகள் கோணத்தைப் பாகையில் அல்லாமல் ரேடியன் என்ற வேறொரு கோண அலகில்தான் எதிர்பார்க்கும். பாகையை அப்படியே கொடுத்தால் பிழை என்று எச்சரிக்காமல் தவறான எண்ணைத் தரும். முதலில் ரேடியனாக மாற்றிவிட்டு, கடைசியில் கிடைக்கும் கோணத்தை நேரடியாக 6,371ஆல் பெருக்க வேண்டும். மிக அருகிலுள்ள இரு இடங்களுக்குக் கொசைன் விதி துல்லியத்தை இழக்கும் என்பதால் மென்பொருள்கள் ஹேவர்சைன் என்ற வாய்பாட்டைப் பயன்படுத்துகின்றன. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு இரண்டும் ஒரே விடையைத்தான் தரும்.

பூமி முழு உருண்டை இல்லை என்பதும் உண்மைதான். நடுக்கோட்டில் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357. இதனால் வரும் பிழை அதிகபட்சம் நூற்றுக்கு அரை அளவில் இருக்கும். விமானம் அடுத்த படியில் விலகிச் செல்லும் தூரத்தோடு ஒப்பிட்டால் இது பொருட்படுத்தத் தக்கதன்று. எனவே பயணிகளுக்கு நீள்கோளக் கணக்கு தேவையில்லை.

மூன்றாம் படி: விமானம் உண்மையில் பறக்கும் தூரம்

இணையக் கணிப்பான்கள் பெரும்பாலும் இரண்டாம் படியோடு நின்றுவிடுகின்றன. ஆனால் விடை மாறத் தொடங்குவது இந்த மூன்றாம் படியில்தான்.

நாம் கண்ட வில் எந்த நாடுகளின் மேல் செல்கிறது என்று பாருங்கள். மகாராஷ்டிரத்தின் அகமதுநகர் பக்கமாக ஏறி, கட்ச் பகுதியைக் கடந்து, பாகிஸ்தானின் பலுசிஸ்தான், கிழக்கு ஈரான், காஸ்பியன் கடலின் தென்பகுதி, காக்கசஸ் மலைகள், தென்ரஷ்யா என்று போய், கிரிமியாவுக்கு வடக்கே உக்ரைனுக்குள் நுழைந்து, போலந்தின் கிராக்கோவ் நகருக்கு அருகில் வெளிப்பட்டு, செக் நாடு, ஜெர்மனி, பெல்ஜிய–நெதர்லாந்து எல்லை வழியாக லண்டனை அடைகிறது. 2022 பிப்ரவரி 24 அன்று போர் தொடங்கியது முதல் உக்ரைன் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டுவிட்டது. அடுத்த சில நாள்களில் ரஷ்யா பிரிட்டிஷ் நிறுவனங்களுக்கும், பின்னர் ஐரோப்பிய நிறுவனங்களுக்கும் தன் வான்வெளியை மூடியது. 2025 ஏப்ரலில் இந்திய நிறுவனங்களின் விமானங்களுக்குப் பாகிஸ்தான் தடை விதித்தது. ஆகவே அந்தக் குறுகிய வில் இன்று கணக்கில் மட்டுமே இருக்கிறது.

விமானம் எந்தப் பக்கமாக வளைந்து செல்கிறது என்று தெரிந்தால், அந்தப் பாதையில் இரண்டு, மூன்று இடங்களைக் குறித்துக்கொண்டு ஒவ்வொரு துண்டுக்கும் மேற்சொன்ன வாய்பாட்டைப் போட்டுக் கூட்டிவிடலாம். சென்னை–மஸ்கட் 2,590 கிலோமீட்டர், மஸ்கட்–இஸ்தான்புல் 3,371, இஸ்தான்புல்–லண்டன் 2,489. மொத்தம் 8,450. வரைபடத்தில் இவ்வளவு பெரிய வளைவாகத் தெரிந்தாலும் கூடுதல் 214 கிலோமீட்டர் மட்டுமே, அதாவது நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. நீண்ட பாதை ஒன்றில் நடுப்பகுதியைச் சற்று விலக்குவதால் மொத்த நீளம் குறைவாகவே கூடும் என்பது வடிவியலின் இயல்பு. வளைகுடா நகரங்களில் இடைமாறிப் போவது தூரத்தில் அதிக நட்டமில்லாமல் இருப்பதற்கும் இதுவே காரணம். துபாய் வழியாகச் சென்றால் 2,934 + 5,498 = 8,432 கிலோமீட்டர்தான்.

ஆனால் வளைவு ஓர் அளவைத் தாண்டினால் கூடுதல் தூரம் வேகமாக ஏறும். ஈரான், ஈராக் இரண்டையும் தவிர்த்து, மஸ்கட்டிலிருந்து சவூதி அரேபியாவின் குறுக்கே கெய்ரோ வரை போய் அங்கிருந்து லண்டனுக்குத் திரும்புவதாக வைத்துக்கொள்வோம்: 2,590 + 2,756 + 3,533 = 8,879 கிலோமீட்டர். குறுகிய வில்லைவிட 643 கிலோமீட்டர் அதிகம். பறக்கும் நேரத்தில் முக்கால் மணிக்குக் குறையாமல் கூடும். மேற்காசியாவில் பதற்றம் எழும் நாள்களில் உறவினரை வரவேற்கச் செல்பவர்கள் இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பாதை எதுவென்று தெரியாத நிலையில் பெருவட்டத் தூரத்தோடு நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை கூட்டிக்கொள்வது பொதுவாகப் பொருந்தும். ஆனால் ஃபிளைட்ரேடார்24 போன்ற தளங்களில் அதே விமானம் முந்தைய நாள்களில் சென்ற பாதை வரையப்பட்டிருப்பதால், ஊகிப்பதைவிட அதைப் பார்த்துத் துண்டு துண்டாகக் கணக்கிடுவதையே பரிந்துரைப்பேன்.

காற்றுக்காகவே பாதையை மாற்றுவதும் உண்டு. சிங்கப்பூர்–நியூயார்க் கென்னடி பெருவட்டத் தூரம் ஏறத்தாழ 15,340 கிலோமீட்டர். அந்த வில் வட துருவத்துக்கு 300 கிலோமீட்டருக்குள் செல்கிறது. ஆனால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் விமானம் நியூயார்க் செல்லும்போது வழக்கமாகப் பசிபிக் கடலின் மேல் பறந்து, 16,000 கிலோமீட்டருக்கும் அதிகமாகக் கடந்து, மேற்கிலிருந்து வீசும் பின்காற்றைப் பிடித்துக்கொள்கிறது. அதிகத் தூரம் பறந்தும் நேரமும் எரிபொருளும் மிச்சமாகின்றன.

நான்காம் படி: வேகமும் காற்றும்

நீண்ட தூரம் செல்லும் போயிங் 787, ஏர்பஸ் ஏ350 ஆகியவை ஒலியின் வேகத்தில் நூற்றுக்கு 85 அளவில் பறக்கின்றன. உள்நாட்டுச் சேவையில் உள்ள ஏ320, 737 வகைகளுக்கு இது 78 அளவில் இருக்கும். ஒலியின் வேகம் காற்றின் வெப்பநிலையைப் பொறுத்தது. 11 கிலோமீட்டர் உயரத்தில் திட்ட வளிமண்டலக் கணக்கின்படி வெப்பநிலை −56.5 செல்சியஸ். அங்கே ஒலி மணிக்கு 1,062 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். அதில் 85 விழுக்காடு 903 கிலோமீட்டர். இது காற்றை ஒப்பிட்ட வேகம். தரையை ஒப்பிட்ட வேகம் வேண்டுமென்றால் பின்காற்றைக் கூட்ட வேண்டும், எதிர்க்காற்றைக் கழிக்க வேண்டும். முன் இருக்கையின் பின்புறத் திரையில் தெரிவது தரைவேகம்தான். அது 780க்கும் 1,050க்கும் இடையே ஏறி இறங்கினாலும் இயந்திரம் அதே வேகத்தில்தான் உழைத்துக்கொண்டிருக்கும்.

இந்தியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே, குறிப்பாகக் குளிர்காலத்தில், மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்று வலுவாக இருக்கும். பாதை முழுவதற்கும் சராசரியாக மணிக்கு 60 கிலோமீட்டர் என்று கொண்டால், லண்டன் நோக்கிச் செல்லும்போது தரைவேகம் 843. 8,450ஐ 843ஆல் வகுத்தால் 10 மணி 1 நிமிடம். திரும்பும்போது தரைவேகம் 963. நேரம் 8 மணி 46 நிமிடம். காற்றே இல்லையென்றால் இரு திசையிலும் 9 மணி 21 நிமிடம். எதிர்க்காற்று இரட்டிப்பாகி 120 ஆனால் 10 மணி 47 நிமிடம் ஆகிவிடும்.

சென்னையிலிருந்து கிளம்புபவர்களுக்கு இதில் ஒரு தனிச்சிறப்பு உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், தென்னிந்தியாவின் மேல் 12 முதல் 15 கிலோமீட்டர் உயரத்தில் காற்று எதிர்த்திசையில், கிழக்கிலிருந்து மேற்காக வீசுகிறது. இந்தக் கீழைக்காற்றுத் தாரையை 1950களில் இந்திய வானிலையியலாளர் பி. கோட்டீஸ்வரம் விரிவாக ஆராய்ந்து உலகுக்கு எடுத்துக்காட்டினார். அந்த மாதங்களில் மேற்கே செல்லும் விமானத்துக்கு அரபிக்கடல் வரையிலான முதல் பகுதியில் பின்காற்றே கிடைக்கும். ஆகவே “மேற்கே போனால் எப்போதும் எதிர்க்காற்று” என்று ஆண்டு முழுவதற்கும் ஒரே எண்ணைப் பயன்படுத்துவது சரியாகாது.

ஐந்தாம் படி: வாயிலிலிருந்து வாயிலுக்கு

பயணச்சீட்டில் அச்சிடப்படும் நேரம் விமானம் புறப்பாட்டு வாயிலை விட்டு நகர்ந்தது முதல் வருகை வாயிலில் நிற்பது வரையிலான நேரம். விமானத் துறையினர் இதை பிளாக் டைம் என்பார்கள். மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் வேகம் குறைவு என்பதால் 20 நிமிடம் கூட்ட வேண்டும். ஓடுபாதை வரை ஊர்ந்து செல்லவும், இறங்கியபின் வாயிலுக்கு வரவும் 30 நிமிடம். ஆக, லண்டனுக்கு 10 மணி 51 நிமிடம், சென்னைக்கு 9 மணி 36 நிமிடம். ஐந்து நிமிடத் துல்லியம் போதும், 10.50 என்றும் 9.35 என்றும் வைத்துக்கொள்வோம்.

இதற்கு மேலும் நிறுவனங்கள் பத்து, இருபது நிமிடங்களைச் சேர்த்தே அட்டவணை போடுகின்றன. ஹீத்ரோ போன்ற நெருக்கடியான நிலையத்தில் அது தேவையும்கூட. அங்கே இறங்கும் விமானங்களை வரிசைப்படுத்த போவிங்டன், லாம்போர்ன், பிக்கின், ஓக்கம் என்ற நான்கு இடங்களில் வானிலேயே வட்டமிட வைப்பது நெடுநாள் வழக்கம். திரையில் லண்டன் தெரிந்த பிறகும் விமானம் அதே இடத்தைச் சுற்றிக்கொண்டிருந்தால் பயணிகள் கவலைப்பட வேண்டியதில்லை.

இத்தனை படிகளுக்கும் பொறுமை இல்லாதவர்கள், பெருவட்டத் தூரத்தை 850ஆல் வகுத்து முக்கால் மணி கூட்டிக்கொள்ளலாம். நம் எடுத்துக்காட்டில் அது 10 மணி 26 நிமிடம் என்று வரும். இரு திசைகளின் சராசரிக்கு அருகில் இருக்கும் இந்த விடை, திசையைப் பற்றி எதுவும் சொல்லாது.

ஆறாம் படி: கடிகார நேரம்

உள்ளூர் நேரங்களை நேரடியாகக் கூட்டிக் கழிக்காமல், எல்லாவற்றையும் முதலில் உலகப் பொதுநேரத்துக்கு மாற்றிக்கொண்டால் குழப்பம் வராது. இந்திய நேரம் பொதுநேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால் இருக்கிறது. லண்டன் குளிர்காலத்தில் பொதுநேரத்திலேயே இருக்கும். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை ஒரு மணி முன்னால் போகும்.

சென்னையிலிருந்து அதிகாலை 5.30க்குக் கிளம்புவதாகக் கொள்வோம். பொதுநேரம் 00.00. பத்து மணி 50 நிமிடம் கூட்டினால் 10.50. குளிர்காலத்தில் லண்டன் கடிகாரமும் அதே 10.50 காட்டும், கோடையில் 11.50. திரும்பும்போது குளிர்காலத்தில் பகல் 13.00க்குக் கிளம்பினால், 9 மணி 35 நிமிடம் கழித்துப் பொதுநேரம் 22.35. ஐந்தரை மணி கூட்டினால் மறுநாள் அதிகாலை 4.05. சென்னையில் அழைத்துவரச் செல்பவர் தேதியை ஒரு நாள் தவறவிடுவது இந்த இடத்தில்தான்.

இதில் பயனுள்ள ஒரு குறுக்குவழியும் இருக்கிறது. பயணச்சீட்டின் உள்ளூர் நேரங்களை மட்டும் பார்த்தால் போகும்போது 5 மணி 20 நிமிடம், வரும்போது 15 மணி 5 நிமிடம் என்று தோன்றும். இரண்டையும் கூட்டினால் நேர வேறுபாடு தானாக அடிபட்டுப் போய், 20 மணி 25 நிமிடம் என்ற உண்மையான மொத்தம் வரும். அதில் பாதி ஒரு வழியின் சராசரி. நேர மண்டலங்கள் எதையும் அறியாமலேயே அட்டவணையைச் சரிபார்க்க இது உதவும். இடையில் கோடைநேர மாற்றம் நடந்திருக்கக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை.

பன்னாட்டுத் தேதிக்கோட்டைக் கடக்கும் பயணங்களுக்கும் முறை இதுவே. டோக்கியோவில் குளிர்காலத்தில் மாலை 17.00க்குக் கிளம்பினால் பொதுநேரம் 08.00. பத்து மணி நேரம் பறந்தால் 18.00. லாஸ் ஏஞ்சலஸ் அப்போது எட்டு மணி பின்னால் இருப்பதால் அங்கே அதே நாள் காலை 10.00, கிளம்பிய நேரத்துக்கு ஏழு மணி முன்பு.

இடைமாறும் பயணமென்றால் ஒவ்வொரு பகுதிக்கும் ஐந்து படிகளையும் தனித்தனியாகச் செய்து, காத்திருக்கும் நேரத்தை நடுவில் சேர்த்து, கடிகாரக் கணக்கை ஒரே ஒரு முறை முடிவில் செய்வது நல்லது. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்பவர்களோ, குறித்த இடைவெளியில் மருந்து உட்கொள்ளும் முதியவர்களோ பயணம் செய்தால், உள்ளூர் நேரங்களை விட்டுவிட்டு இந்த மொத்த மணிகளையே தாளில் எழுதி மருத்துவரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டும். அவர்களுக்காகக் கணக்கிடும்போது சராசரிக் காற்றை எடுக்காமல் 120 கிலோமீட்டர் எதிர்க்காற்றையும் நீண்ட பாதையையும் எடுத்துக்கொள்ளுங்கள். கெய்ரோ வழி 8,879 கிலோமீட்டரை 783ஆல் வகுத்தால் 11 மணி 20 நிமிடம். ஏறி இறங்கவும் ஊர்ந்து செல்லவும் 50 நிமிடம் கூட்டினால் 12 மணி 10 நிமிடம். கைப்பையில் வைக்க வேண்டிய மருந்தும் உணவும் இந்த நேரத்துக்குப் போதுமானவையாக இருக்க வேண்டும்.